பழந்தேயிலையின் சுவையும் வரலாறும்

கல்முனைக்கு மேற்கே வயல்வெளிகளுக்கு அப்பால் அமைந்த சொறிக்கல்முனையிலாயினும், கடலோரத்து மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களிலாயினும், வீட்டுக்கு வந்தவருக்கு முதற்கண் வழங்கப்படுவது தேத்தண்ணீரே. அதனுள் இடப்படுவது சீனி. இவ்விரு சொற்களும் சீன தேசத்தைத் தம்முள் மறைத்து வைத்துள்ளன. 'தே' என்னும் ஓரசை புக்கியன் மாகாணத்துத் துறைமுக மக்களின் பேச்சுக்குரியது; ஒல்லாந்த வணிகர் வாயிலாக மேற்கு ஐரோப்பிய மொழிகளுட் புகுந்து, ஐரோப்பியர் ஆண்ட நாடுகளுக்கும் பரவிற்று. தரைவழியே சென்ற 'சா' என்னும் மறுவடிவமோ பாரசீகம், இந்துஸ்தானி முதலிய மொழிகளிற் 'சாய்' ஆயிற்று. வெண்சருக்கரையைச் சீனத்துக்குரியதாகக் கருதிச் சீனி எனப் பெயரிட்டழைத்தல் வட இந்திய மொழிகளிலும் தமிழிலும் நிலைத்த வழக்கு. ஒரு கோப்பைத் தேத்தண்ணீரிற் பெயரளவில் இருமுறை சீனம் அமைந்துள்ளது. எனினும், சீனர் பெரிதும் போற்றும் தேயிலைகளுள் ஒன்றாகிய, ஆண்டுக்கணக்கில் முதிரவைத்த பழந்தேயிலையோ, தேயிலையாற் பெயர்பெற்ற இவ்விலங்கையிற் பெரும்பாலோரின் நா அறியாத பொருளாகவே இருந்து வருகின்றது. இது எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

முதலில் ஒரு சொல்மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். நம் நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில், உருட்டிய கொழுந்தைப் பரப்பிவைத்துச் செம்பு நிறம் அடையச் செய்யும் படிமுறையை நொதித்தல் என வழங்குவர். உண்மையில் அங்கு நிகழ்வது ஒட்சியேற்றமே. கசங்கிய இலையின் சாற்றிலுள்ள நொதியம், வளியிலுள்ள ஒட்சிசனின் துணைகொண்டு இலையின் பொலிபீனோற் பொருள்களை மாற்றுகின்றது. நுண்ணங்கிகளுக்கு அதிற் பங்கில்லை. அவை புகுந்தாற் கேடே விளையும். சில மணி நேரத்துக்குள் இலையை உலர்த்தியிற் செலுத்தி அம்மாற்றத்தை நிறுத்திவிடுவர். சீனத்துப் பழந்தேயிலையின் நிலை வேறு. தென்மேற்குச் சீனத்தின் யுன்னான் மாகாணத்தில், பறித்த இலையை இரும்புச் சட்டியில் வாட்டிப் பிசைந்து வெயிலில் உலர்த்துவர். பின்னர் அதனை ஆவியில் இளக்கி வட்டங்களாக அழுத்துவர். சட்டிச்சூட்டில் இலையின் நொதியம் பெரிதும் ஒடுங்கிவிடுகின்றது, முற்றாக அழிவதில்லை. அதன்பின் அவ்வட்டத்தில் ஈரமும் வளியும் நுண்ணங்கிகளும் மெல்ல மெல்லத் தொழில் செய்கின்றன. பாலைத் தயிராக்குவதும் தோசை மாவைப் புளிக்கவைப்பதும் எவ்வாறு உயிர்களின் தொழிலோ, அவ்வாறே இதுவும் பொருள்முறையான நொதித்தல் ஆகும். இதுகொண்டு, மாரிகாலத்திற் கிழக்குக் கரையில் ஈரமேறிப் பூஞ்சணம் பிடித்த தூளையெல்லாம் பழந்தேயிலை என்று மயங்கிவிடலாகாது. அதனை எறிந்துவிடும் இல்லத்தரசியே அறிவுடையவள்.

செடியின் வேற்றுமையே இதற்குக் காரணமோ எனின், அன்று. யுன்னானிற் பழந்தேயிலைக்குரிய பேரிலைச் செடி, அசாமியம் எனப் பெயர்பெற்ற அதே இனத்தது. அவ்வினத்தின் கலப்பு நம் மலைநாட்டுத் தோட்டங்களிலும் மிகுதி. வேறுபட்டது காலத்தைப்பற்றிய மனப்பாங்கே. சீனத்துச் செடி 1824இற் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. 1867இல் யேம்சு தெயிலர் லூல்கந்துரையிற் 19 ஏக்கர் பயிரிட்டார். இரண்டாண்டு கழித்துக் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றியது. அது பரவிக் கோப்பிச் செய்கை வீழ்ந்தபின் தேயிலை மலைகளை மூடியது. 1883இற் கொழும்பில் ஏலவிற்பனை தொடங்கிற்று. அன்று முதல் இலங்கைத் தேயிலையின் பெருமை முழுவதும் புதுமையிலேயே நிலைபெற்றது. பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலை சேரவேண்டும். செய்த தேயிலை விரைந்து ஏலத்துக்குச் செல்லவேண்டும். பெட்டியில் நாட்பட்ட தூளின் விலை வீழ்ந்துவிடும். ஏலத்துக்கு முன் சுவை பார்ப்போர் கரண்டியால் உறிஞ்சி, நாவிற் சுழற்றித் துப்பிவிடுவர். அவர்களது திறமை வியத்தற்குரியது. ஆயினும் துப்பிவிடும் சுவையில் மெல்ல முதிர்வதற்கு இடமில்லை. நல்ல தரங்கள் கப்பலேற, கொழுந்து பறித்த கைகளின் குவளைக்குத் தூளே எஞ்சியது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

யுன்னானிலோ தேயிலைக்கு விரைந்து செல்லும் வாய்ப்பே இருந்ததில்லை. சீனம் முழுவதும் பண்டு அழுத்திய கட்டித்தேயிலையே பெருவழக்காயிருந்தது. எட்டாம் நூற்றாண்டில் லூ யூ எழுதிய தேயிலை நூலிற் கூறப்படுவதும் அதுவே. 1391இல் மிங் மரபின் முதற் பேரரசன் கட்டித்தேயிலையைத் திறையாகச் செலுத்தும் முறையை நீக்கித் தளர்தேயிலை போதும் என ஆணையிட்டான். அரண்மனையின் சுவை மாறவே நாட்டின் சுவையும் மாறிற்று. எல்லைப்புறத்து யுன்னானிற் பழைய முறை அழியாது நின்றது. அங்கிருந்து திபெத்துக்கு மலைத்தொடர்களைக் கடந்து கோவேறு கழுதைகளும் குதிரைகளும் சுமை கொண்டு செல்லவேண்டியிருந்தது. தளர்ந்த இலையை அவ்வாறு சுமத்தல் அரிது. வட்டமாக அழுத்தி மூங்கிற்பட்டையிற் சுற்றினாற் சுமை அடங்கும். மாதக்கணக்கான அப்பயணத்தில் மழையில் நனைந்தும் வெயிலிற் காய்ந்தும், விலங்கின் உடற்சூட்டில் வெதும்பியும் இலை மாறிற்று. 1729இற் சிங் அரசு பூ-எர் என்னும் ஊரைத் தலைமையாகக் கொண்டு ஓர் ஆட்சிப்பிரிவை நிறுவியது. சுற்றிலுமுள்ள மலைகளின் இலை அச்சந்தையிற் கூடியமையால் அவ்வூர்ப் பெயரே தேயிலையின் பெயருமாயிற்று. வட்டம் ஒன்று 357 கிராம். ஏழு வட்டம் ஒரு கட்டு. இவ்வளவை இன்றும் வணிகர் கையாளுகின்றனர். ஆகவே, பழந்தேயிலையின் முதிர்ச்சி எந்த அறிஞனும் இருந்து திட்டமிட்டதன்று. வழியின் நெடுமையே அதனை ஈன்ற தாய்.

இனி அச்சுவையின் இயல்பைப் பார்ப்போம். புதிய வட்டத்தின் சாறு மஞ்சட்பசுமை உடையது. கைப்பும் துவர்ப்பும் மிக்கது. வெறுவயிற்றிற் குடித்தால் வயிற்றைப் பிசையும். இருபது முப்பது ஆண்டு சென்றபின் அதுவே செம்மரத்தின் நிறம்கொண்டு, நாவில் எண்ணெய்போல் வழுவழுத்து இறங்கும். அருந்தும் முறையும் தனித்தன்மையுடையது. ஏறத்தாழ 7 கிராம் இலையைச் சிறு மண்கெண்டியில் அல்லது மூடியுடைய கிண்ணத்தில் இட்டுக் கொதிநீர் ஊற்றி, அம்முதல் நீரை இலை கழுவியதாகக் கொண்டு கொட்டிவிடுவர். பின் சில நொடிகளே ஊறவைத்து, விரலளவான கிண்ணங்களில் வடித்துப் பருகுவர். பாலும் சீனியும் சேர்ப்பதில்லை. அதே இலைக்குப் பத்துமுறைக்கு மேலும் நீர் ஊற்றலாம். முதல் ஊற்றுகளில் நெடுநாள் திறவாத மரப்பெட்டியின் மணமும் மழையில் நனைந்த மண்ணின் மணமும் எழும். சிலவற்றிற் கர்ப்பூர மரத்தின் மணம் தோன்றும். நடு ஊற்றுகளிலே சாறு திண்மை பெறும். இறுதியில் எஞ்சுவது மெல்லிய இன்னீர். இவற்றினும் சீனர் உயர்வாகப் பேசுவது, விழுங்கிய பின் தொண்டையினின்று மீண்டு வரும் இனிமை. 'ஹுய் கான்' என்பது அதன் பெயர். இதனை விளக்கத் தமிழருக்கு நெடிய உரை வேண்டுவதில்லை. நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தவர் யாவரும் அதனை அறிவர்.

நாட்பட்டதனாற் சிறத்தல் என்னும் கருத்தும் நமக்குப் புதிதன்று. மருந்துக்குப் பழம்புளியே வேண்டும் என்பார் நம் பரிகாரிகள். பழவரிசி நோயாளருக்கு ஏற்றதெனத் தேடிப் பெறப்பட்டது. பழமை என்பது நமக்குப் பெரும்பாலும் மருந்தோடு நின்றுவிட, சீனர் அதனை இன்பத்துக்கும் உரியதாக்கினர் என்பதே வேற்றுமை.

அவ்வின்பம் தமிழருக்கு மிக அணித்தே வந்த இடம் ஒன்று உண்டு, அது மலாயா. குவாங்சி மாகாணத்து லியூபாவ் என்னும் ஊரின் தேயிலையும் இவ்வாறே நொதித்து முதிர்வது. பெரிய மூங்கிற் கூடைகளில் அமுக்கப்பட்டு அது ஆற்றுவழியாகக் கன்ரன் நகருக்கும் ஹொங்கொங்குக்கும் வந்து, அங்கிருந்து கப்பலேறி மலாயாவின் ஈயச்சுரங்கங்களை அடைந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் முழங்காலளவு சேற்றில் நின்று உழைத்த சீனக் கூலியாட்களுக்கு இத்தேநீர் பெருந்தாழிகளிற் காய்ச்சி வழங்கப்பட்டது. உடலிற் சேரும் வெம்மையையும் ஈரத்தையும் அது போக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஈப்போ முதலிய ஊர்களின் புகையிரத நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞராய் அமர்ந்திருந்த அதே காலத்தில், சிறிது தொலைவிலிருந்த சுரங்கங்களில் இத்தாழிகள் கொதித்தன. நல்ல லியூபாவ் தேயிலைக்குச் சீனர் கூறும் இலக்கணம் கேட்பாருக்கு வியப்பளிக்கும்: அதிற் பாக்கின் மணம் வீசவேண்டும் என்பதே அது. வெற்றிலைத் தட்டம் இன்றி மங்கலம் நிகழாத இனத்தவருக்கு இதனினும் அண்மையான மணம் யாது! இவ்விரு கூட்டத்தாரும் ஒருவர் குவளையை மற்றவர் அறியாதே பிரிந்தனர் எனின், அதற்குச் சுவை காரணமன்று. அலுவலகத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே இருந்த தூரமே காரணம் எனலாம். நாடுகளுக்கிடையிலும் அவ்வாறே. 1952இல் இலங்கையும் சீனமும் செய்துகொண்ட புகழ்பெற்ற உடன்படிக்கை அரிசியையும் இறப்பரையும் பற்றியது. தேயிலை விளைக்கும் இரு நாடுகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று தேயிலை வேண்டுவது எதற்கு?

ஹொங்கொங்கின் உணவுச்சாலைகளிலும் பழந்தேயிலை எளியோர் பானமாகவே இருந்தது. கொழுப்பு மிகுந்த சிற்றுண்டிகளோடு அது ஓயாது ஊற்றப்பட்டது. அங்குத் தேவை பெருகவே, இருபது ஆண்டு காத்திருக்க வணிகருக்கு இயலவில்லை. இலையில் நீர் தெளித்து ஈரக்கிடங்குகளில் வைத்து முதிர்ச்சியை விரைவுபடுத்தினர். 1973இற் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையினர் இதனை ஒரு முறையாக வகுத்தனர். இலையைப் பெருங்குவியலாக்கி நீர் தெளித்துத் துணியால் மூடி, அவ்வப்போது கிளறிவிட, உள்ளே வெப்பம் ஏறும். கரும்பூஞ்சண இனங்கள் பெருகும். ஒன்றரை இரண்டு மாதத்திற் சாறு கறுத்துத் துவர்ப்பு அடங்கிவிடும். இதனைப் 'பழுத்தது' என்றும் காலத்தால் முதிர்வதைப் 'பச்சை' என்றும் வழங்குவர். பழுத்ததை இகழ்வோர் உளர். அது நியாயமன்று. கூலியுழைப்பாளன் ஒருவனும் வாங்கிப் பருகக்கூடிய விலையில் முதிர்ந்த சுவையை வழங்கியது அதுவே.

விலையின் கதை பின்னர் வந்தது. 1997இல் ஹொங்கொங் சீனத்தின் ஆட்சிக்கு மீளவிருந்தமையால், அதற்கு முந்திய ஆண்டுகளிற் பலர் அந்நகரை விட்டு நீங்கினர்; பழைய தேநீர்ச்சாலைகள் மூடப்பட்டன; அவற்றின் கிடங்குகளில் மறந்து கிடந்த வட்டங்கள் வெளிவந்தன. தாய்வான் நாட்டுச் சுவைஞர் அவற்றை வாங்கிச் சேர்த்தனர். 1995இல் அந்நாட்டவரான தெங் சிஹாய் பழந்தேயிலைபற்றி எழுதிய நூல் வட்டங்களுக்குப் பெயரும் வயதும் தரமும் வகுத்தது. அதன்பின் வட்டம் பானமாக இருந்தது போய்ச் செல்வமாயிற்று. 2007இல் விலை உச்சத்துக்கு ஏறி, அவ்வாண்டிலேயே சரிந்தது. கிடங்கு நிறைய வாங்கிவைத்த வணிகர் பலர் நொடித்தனர். யுன்னான் மலைகளில் உழவர் சிலர் தேயிலையை விட்டு நெல்லுக்கும் சோளத்துக்கும் திரும்பினர். அவ்வாண்டிலேயே சூமாவ் நகரம் வணிகப் பெருமையை முன்னிட்டுப் பூ-எர் எனப் பெயர் மாற்றம் பெற்றது நகைப்புக்குரிய பொருத்தமே. சுரங்கத் தாழியிலும் உணவுச்சாலைக் கெண்டியிலும் வளர்ந்த ஒரு சுவை, அங்குக் குடித்தோரின் மக்களுக்கே எட்டாத விலைக்குச் சென்றது நேரிய வளர்ச்சி எனக் கூறல் இயலாது. மலாயாவிலும் அதுவே நிகழ்ந்தது. 1985இல் ஈயத்தின் விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடப்பட்டன; குடிப்பாரின்றிக் கூடையிற் கிடந்த லியூபாவ் பின்னர் சேகரிப்போரின் வேட்டைப்பொருளாயிற்று.

இன்று சுவைஞரிடையே பெரும்பூசல், வட்டம் எங்கு முதிர்ந்தது என்பதைப்பற்றியது. குன்மிங் உயர்ந்த, வறண்ட நகரம். அங்கு வைத்தது மெதுவாக மாறி, மணம் கூர்மையாய் நிற்கும். ஹொங்கொங்கின் கடலோரக் கிடங்கில் வைத்தது விரைந்து கறுத்து, மண்மணமும் மென்மையும் பெறும். ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் அழுத்திய இரு வட்டங்கள், இருபது ஆண்டின்பின் இருவேறு தேயிலைகளாய் நிற்கின்றன. மலேசியாவின் வணிகர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை தம் நாட்டிலேயே உண்டென்பர்: ஆண்டு முழுவதும் மாறாத வெப்பம், ஓயாத ஈரம், காற்றோட்டமுள்ள மாடிக் கிடங்கு. அங்கு வட்டங்களை அடுக்கி, ஆண்டுதோறும் ஒன்றைப் பிரித்துக் கெண்டியிலிட்டுச் சுவைத்து, மீதியைப் பழையபடி மூங்கிற்பட்டையிற் சுற்றி வைத்துவிடுகின்றனர்.