அடையாறுன்னு சொன்ன பொய்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

1999-ல 'காதலர் தினம்' வந்தப்போ, சாட் பண்ணா காதல் வரும்னு நம்பின கூட்டத்துல நானும் ஒருத்தன். எம்.கே.பி. நகர் பிரவுசிங் சென்டர், யாஹூ மெசஞ்சர். எதிர்ல இருக்கறவங்க முதல்ல கேக்கறது வயசு, ஆணா பெண்ணா, ஊர். "சென்னையில எங்க?"ன்னா அடையாறுன்னு புளுகுவேன். வியாசர்பாடி பக்கம்னா பேச்சு நின்னுடுமோன்னு பயம்.

2009 நவம்பரில் மாஸ்கோவைச் சேர்ந்த 17 வயசுப் பையன் ஆந்த்ரே தெர்னோவ்ஸ்கி சாட்ரூலெட்டை ஆரம்பிச்சான். முன்பின் தெரியாதவங்களோட வீடியோ அரட்டை. அடுத்த வருஷம் ஒமேகிளும் வீடியோவைச் சேர்த்துச்சு. அங்க ஊரே கேக்க மாட்டாங்க. மூஞ்சியைப் பார்த்ததுமே 'நெக்ஸ்ட்'. பொய் சொல்லக்கூட ஆள் நிக்கல.

யாஹூ மெசஞ்சரை 2018-லயும் ஒமேகிளை 2023-லயும் மூடிட்டாங்க. யோசிச்சா, ஊரைக் கேட்ட அந்த முகம் தெரியாதவங்கதான் என்கூடக் கொஞ்சமாவது பேசினாங்க. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்.