குன்றிமணி

குன்றி அல்லது குன்றிமணி என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, புதர்களிலும் சிறு மரங்களிலும் சுற்றி ஏறும் பல்லாண்டுக் கொடியாகும். பேச்சு வழக்கில் குந்துமணி எனப்படும். சிவப்பு நிறமும் ஒரு முனையில் கரும்புள்ளியும் கொண்ட இதன் விதை தமிழர் அனைவரும் அறிந்தது. இது கொடிய நச்சுடையது என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

பெயர்

இதன் தாவரவியற் பெயர் ஏப்ரசு பிரிகேட்டோரியசு. லின்னேயசு 1753-இல் இதனை வேறொரு பேரினத்தில் வைத்தார். இன்றுள்ள பெயர் 1767-இல் அவர் இட்டதாகும். பெயரின் பின்பகுதி, இறைவேண்டலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இவ்விதைகளைக் கோத்துச் செபமாலை செய்யும் வழக்கமே அதற்குக் காரணம். வடமொழியில் குஞ்சா என்றும், இந்தியில் ரத்தி என்றும் அழைப்பர்.

வளரிடம்

ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. அமெரிக்காவின் புளோரிடாவில் அழகுக்காகக் கொண்டுசெல்லப்பட்டு, இன்று அங்கு ஆக்கிரமிப்புக் களையாகிவிட்டது. தமிழகச் சமவெளிகளில் வறண்ட புதர்க்காடுகளிலும் வேலிகளிலும் காணலாம். வெள்ளாற்றங்கரையில் உள்ள புவனகிரியைப் போன்று நெல்வயல் சூழ்ந்த ஊர்களில், நீர் தேங்கும் வயல் இதற்கு ஏற்றதன்று. வேலியோரம், மேட்டுநிலம், கோயிற்காடு போன்ற உலர்ந்த இடங்களே ஏற்றவை.

தாவரவியல் பண்புகள்

தண்டு மெல்லியது, முதிர்ந்தபின் அடியில் கட்டைத்தன்மை பெறும். இலை, இரட்டைப்படைச் சிறகுக் கூட்டிலை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 8 முதல் 20 இணைச் சிற்றிலைகள் உண்டு. புளிய இலையை ஒத்திருப்பதால், காய் இல்லாத காலத்தில் அடையாளம் காண்பது எளிதன்று. சிற்றிலைகள் இரவில் மடியும். இந்த அசைவைக் கொண்டு வானிலையை முன்கூட்டியே அறியலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவைச் சேர்ந்த நோவாக் என்பவர் கூறினார். இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் சோதித்தபோது அது மெய்ப்படவில்லை.

பூக்கள் வெளிர்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் கொத்தாக மலரும். அவரைக் குடும்பத்தின் இத்தகைய பூக்களில் பெரும்பாலும் 10 மகரந்தத்தாள்கள் இருக்கும். குன்றியில் 9 மட்டுமே உண்டு, பத்தாவது இல்லை. பூவைப் பிரித்துப் பார்க்கும் மாணவர்களுக்கு இதுவே உறுதியான அடையாளம்.

காய் 2 முதல் 5 செ.மீ. நீளமுடையது. முற்றியதும் வெடித்து முறுக்கிக்கொள்ளும். ஆனால் விதைகள் உடனே உதிர்வதில்லை, வெடித்த தோட்டிலேயே நெடுநாள் ஒட்டியிருக்கும். சதைப்பற்று எதுவும் இல்லாமலே பழம்போல் தோன்றிப் பறவைகளை ஏமாற்றுவதற்கே இந்நிறம் என்பது ஒரு கருத்து. கரும்பகுதி விதைத்தழும்பைச் சூழ்ந்துள்ளது. 277-ஆவது திருக்குறள், போலித் துறவிகளுக்கு உவமையாக்கும் குன்றியின் மூக்கு இதுவே. முழுவதும் வெண்மையான விதை தரும் வகையும் உண்டு.

விதையுறை மிகக் கடினமானது, நீர் எளிதில் உட்புகாது. விதைப்பதற்கு முன் உறையைத் தேய்க்கவோ கீறவோ வேண்டும். இல்லையெனில் முளைக்க நெடுநாளாகும்.

எடையும் அணியும்

ஈரத்தை உறிஞ்சாத இவ்வுறையே குன்றியைப் பொற்கொல்லரின் எடைக்கல்லாக்கியது. பழந்தமிழ் அளவையில் 2 குன்றிமணி 1 மஞ்சாடி ஆகும். வட இந்தியாவின் ரத்தி ஏறத்தாழ 0.12 கிராம். "குந்துமணித் தங்கம்கூட இல்லை" என்னும் வழக்கு இதிலிருந்து வந்ததே. எல்லா விதைகளும் ஒரே எடையுள்ளவை எனப் பலரும் எழுதுவது சரியன்று. விதைக்கு விதை வேறுபாடு உண்டு. தேர்ந்தெடுத்த விதைகளே எடைக்குப் பயன்பட்டிருக்க இயலும்.

விநாயகர் சதுர்த்திக்குச் செய்யும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதும் இவ்விதையே.

நச்சுத்தன்மை

விதையில் உள்ள நச்சு அப்ரின் என்னும் புரதம். ஆமணக்கு விதையிலுள்ள ரிசினை ஒத்தது. இரு சங்கிலிகளால் ஆன இதன் ஒரு சங்கிலி உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். உட்புகும் மற்றொன்று ரைபோசோம்களைச் செயலிழக்கச் செய்து, புரத உற்பத்தியை நிறுத்தும். பால் எர்லிக் 1891-இல் நோய் எதிர்ப்பாற்றல் குறித்து நடத்திய புகழ்பெற்ற ஆய்வுகளில் அப்ரினும் ரிசினும் பயன்பட்டன.

முழு விதையை விழுங்கினால் பெரும்பாலும் அது உடையாமல் வெளியேறிவிடும். மென்றாலோ, பொடித்தாலோ, துளையிட்ட விதையை விழுங்கினாலோ நச்சு வெளிப்படும். ஒரு விதை நன்கு மெல்லப்பட்டாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். மாலைக்காகத் துளையிட்ட மணிகள், காட்டிலுள்ள விதையைவிட ஆபத்தானவை என்பது இதனாலேயே. இங்கிலாந்தின் ஈடன் திட்டம் என்னும் தோட்டம், தான் விற்ற குன்றிமணிக் கைவளைகளை 2011-இல் திரும்பப் பெற்றது.

வாந்தி, வயிற்றுவலி, குருதி கலந்த வயிற்றுப்போக்கு ஆகியவை சில மணி நேரத்துக்குப் பின்னரே தொடங்கக்கூடும். எனவே குழந்தை விழுங்கியது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாற்றுமருந்து இல்லை, ஆதரவுச் சிகிச்சையே அளிக்கப்படுகிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் விதையைச் சுத்தி செய்த பின்னரே பயன்படுத்துவர். வீட்டில் முயலத்தக்கதன்று.

மஞ்சாடியுடன் குழப்பம்

ஆனைக்குன்றிமணி என்றும் அழைக்கப்படும் மஞ்சாடி வேறொரு தாவரம். அது கொடியன்று, மரம். அதன் விதை சற்றுப் பெரியது, தட்டையானது, முழுவதும் சிவப்பு. கரும்புள்ளி இருந்தால் அது குன்றி.