பல் நோய்த் தடுப்பும் பல் காப்பீடும்

பல் காப்பீடு என்பது மாதச் சந்தா பெற்றுக்கொண்டு, பல், ஈறு சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை ஒரு நிறுவனம் ஏற்கும் ஏற்பாடு. பல நாடுகளில் இது உண்டு என்றாலும், மருத்துவக் காப்பீட்டிலிருந்து பிரிந்து தனித் தொழிலாக வளர்ந்திருப்பது அமெரிக்காவில்தான். பெயர் காப்பீடு, குணம் வேறு. வீடு எரிவது, கார் மோதுவது போல அரிதாகவும் பெரிதாகவும் வரும் இழப்பைப் பலர் பகிர்ந்துகொள்வதுதான் காப்பீட்டின் இலக்கணம். சொத்தைப்பல் அரிதும் அல்ல, திடீரென வருவதும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வீட்டுக்கு வீடு தீப்பிடிக்கும் ஊரில் எந்த நிறுவனமும் முழு இழப்பீடு தராது. தடுப்புக்கு முழுப் பணம், பழுதுக்குப் பாதிப் பணம், மொத்தத்துக்கும் ஓர் ஆண்டு உச்சவரம்பு என்ற பல் காப்பீட்டின் அமைப்பு இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது.

நோய் நடக்கும் விதம்

பல்லின் மேலுறையான எனாமல்தான் மனித உடலிலேயே கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள், உயிரணு கிடையாது. அதனால் உடைந்த எலும்பு கூடுவது போல ஓட்டை விழுந்த எனாமல் கூடாது. பல்லின் மேல் ஒட்டும் பாக்டீரியாப் படலம், நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்குகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துத் தாதுக்களைத் திரும்பப் பதிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். எனவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிய கேள்வி. பந்தியில் ஒரே மூச்சில் நான்கு ஜாங்கிரி தின்று வாய் கொப்பளித்தவரைவிட, மேசையிலேயே சர்க்கரைக் காபியை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உறிஞ்சுபவரின் பல்தான் சீக்கிரம் கெடும்.

சொத்தையின் முதல் அடையாளம் கறுப்பு அல்ல, வெள்ளை. ஈறின் ஓரமாகச் சுண்ணாம்பு தடவியது போல மங்கலான ஒரு திட்டு தெரியும். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடும் துலக்கலும் சேர்ந்தால் பல் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். எனாமலில் நரம்பு இல்லாததால் வலி தெரியாது. சொத்தை உள்ளே நரம்புள்ள பற்கூழை நெருங்கிய பிறகுதான் இரவில் தூக்கம் கெடும். வலி வந்த பிறகு காட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் சிறு அடைப்போடு முடிந்திருக்க வேண்டியதை ரூட் கெனாலும் கேப்பும் ஆக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஈறு நோய் இன்னும் அமைதியானது. துலக்காமல் விட்ட படலம் உமிழ்நீரின் தாதுக்களோடு சேர்ந்து காரையாக இறுகுகிறது. ஈறு சிவந்து, பிரஷ் பட்டால் ரத்தம் வரும். ரத்தத்தைக் கண்டு துலக்குவதை நிறுத்துபவர்கள் பலர். செய்ய வேண்டியது நேர் எதிரானது, மெல்லிய பிரஷ்ஷால் விடாமல் துலக்குவது. கவனிக்காவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வேகமாக முற்றும்; முற்றிய ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் குலைக்கும்.

காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும் என்ற அச்சம் தமிழ்நாட்டுப் பல் மருத்துவரின் நாற்காலியில் நாள்தோறும் கேட்பது. பல்லை ஆட்டுவது ஸ்கேலிங் அல்ல. எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்க, காரை சிமெண்ட் போலப் பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. அது போனதும் உள்ளிருந்த நிலை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

தடுப்பு

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், ஊர்மக்கள் பலரின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். கறைபட்ட பற்களில் சொத்தை குறைவாக இருந்தது வியப்பு. காரணம் தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின. 1931இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில், தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு பல் மருத்துவ ஆய்வாளர் டிரெண்ட்லி டீன், லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் பெரிதாகக் கறை விழாமலே சொத்தை குறைகிறது என்று காட்டினார். 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகனின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரம் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்த முதல் நகரமானது. அமெரிக்காவில் 2015 முதல் பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கதை தலைகீழ். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருந்ததால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்தன. காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நோய்க் காரணம். குழந்தைக்குப் பேஸ்ட் அளவு சொல்வதும் அதனால்தான்: மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது யாருக்கும் தேவையில்லை. துலக்கியபின் துப்பினால் போதும். சொம்பு நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். தூக்கத்தில் உமிழ்நீர் வற்றுவதால், துலக்கும் இரண்டு வேளையில் ஒன்றைத்தான் கைவிட முடியும் என்றால் காலையை விடலாம், இரவை விடக்கூடாது. கரித்தூளும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்க்கும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைத் தரும். அவற்றுக்குப் பிரஷ்ஷால் பரிகாரம் இல்லை.

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். விழுந்து முளைக்கும் என்று நினைத்துப் பல பெற்றோர் கெட விட்டுவிடுவது இதைத்தான். அதன் மேற்பரப்புக் குழிகளில் பிரஷ் மயிர் நுழையாது. அவற்றைப் பிசினால் மூடும் சீலன்ட் சில நிமிட வேலை. ஊசியோ குடைதலோ இல்லை. கடைவாய்ப்பல் சொத்தையில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டுகள் இது தடுக்கிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் பொருந்தும் விதி அல்ல. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு நோய் வாய்ப்பைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம்வரை இடைவெளி விடலாம் என்கிறது. ஆண்டுக்கு இரு முறை என்பதைப் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் அப்படியே எழுதிவைத்துவிட்டன. சர்க்கரை நோயாளிக்கு அது போதாது. நல்ல வாய் உள்ளவருக்கு அது கூடுதல்.

வாய் தனியே பிரிந்த கதை

1840இல் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து அமெரிக்காவில் பல் மருத்துவம் தனிப் படிப்பு, தனிப் பட்டம். காப்பீடும் அந்தப் பிரிவினையைப் பின்பற்றியது. 1954இல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தன் நல நிதியிலிருந்து உறுப்பினர்களின் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை தர முன்வந்தது. அதை நடத்தித்தர வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா மாநிலப் பல் மருத்துவர்கள் தனி அமைப்புகளைத் தொடங்கினர். இன்றைய டெல்டா டென்டல் என்ற பல் காப்பீட்டுக் கூட்டமைப்பின் வேர் அதுவே. 1965இல் முதியோருக்கான மெடிகேர் சட்டம் வந்தபோது வழக்கமான பல் சிகிச்சையை வெளிப்படையாகவே விலக்கியது. பல் விழும் வயதினருக்கான திட்டத்தில் பல் இல்லை என்பது இன்றும் உறுத்தும் முரண்.

இந்தப் பிரிவினையின் விலையை 2007இல் மேரிலாண்டில் இறந்த 12 வயதுச் சிறுவனின் கதை சொல்கிறது. சொத்தைப்பல்லின் சீழ் மூளைவரை பரவியது. பல்லைப் பிடுங்க சுமார் 80 டாலர் ஆகியிருக்கும். குடும்பத்தின் அரசுக் காப்பீடு இடையில் அறுந்திருந்தது. மூளை அறுவைகளுக்கும் மருத்துவமனைக்கும் இரண்டரை லட்சம் டாலர் அளவுக்குச் செலவாகியும் பிள்ளை பிழைக்கவில்லை. 2009இல் குழந்தைகள் நலக் காப்பீட்டுச் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது பல் சிகிச்சையும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதில் இந்த மரணத்துக்குப் பங்கு உண்டு.

பாலிசியைப் படிப்பது

அமெரிக்கத் திட்டங்களின் பொது வாய்பாடு 100–80–50. பரிசோதனை, எக்ஸ்ரே, சுத்தம் செய்தல் ஆகியவற்றுக்கு முழுத்தொகை. அடைப்பு, பிடுங்கல் போன்றவற்றுக்கு 80 விழுக்காடு. கேப், பிரிட்ஜ், பல்செட்டுக்கு 50. எல்லாம் ஆண்டு உச்சவரம்புக்குள். பல திட்டங்களில் அது 1,000 முதல் 2,000 டாலர். 1970களில் இருந்த அதே 1,000 இன்றும் சில பாலிசிகளில் அசையாமல் நிற்கிறது. மருத்துவக் காப்பீட்டில் ஓர் எல்லைக்குமேல் நோயாளி கட்ட வேண்டாம். பல் காப்பீட்டில் ஓர் எல்லைக்குமேல் நிறுவனம் கட்டாது.

ஒரு கேப்புக்கு மருத்துவர் கட்டணம் 1,200 டாலர், நிறுவனத்தோடு ஒப்பந்தமான கட்டணம் 900 என்று வைத்துக்கொள்வோம். முதலில் நோயாளியே கட்ட வேண்டிய கழிவுத்தொகை 50 போக மீதி 850. அதில் பாதி, 425, நிறுவனம் தரும். ஒப்பந்த மருத்துவரிடம் போனவர் 475 கட்டுவார்; ஒப்பந்தத்தில் இல்லாதவரிடம் போனவர், நிறுவனம் அதே 425ஐத் தந்தாலும், 775 கட்டுவார். ‘50 விழுக்காடு’ என்ற சொல் எந்தத் தொகையின் பாதி என்பதைப் பார்க்காதவர்கள்தான் வரவேற்பு மேசையில் குரல் உயர்த்துகிறார்கள்.

சிறு எழுத்தில் வரும் விதிகள் நான்கைந்து உண்டு. பெரிய சிகிச்சைக்கு ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்க வேண்டும். பாலிசி எடுக்கும் முன்பே விழுந்த பல்லுக்கு மாற்றுப்பல் வைத்தால் பணம் இல்லை. கடைவாய்ப்பல்லில் வெள்ளை அடைப்பு வைத்தாலும் வெள்ளிக் கலவைக்கான தொகையே கிடைக்கும். ஆண்டுக்கு இரு சுத்தம் என்பதும் ஆறு மாதத்துக்கு ஒன்று என்பதும் வேறு. பின்னதில் ஒரு நாள் முந்தினாலும் பில் நோயாளிக்கே.

அதிகச் சண்டை வருவது சுத்தம் செய்வதில்தான். இலவசச் சுத்தத்துக்கு வந்தவர் பில்லோடு திரும்புவதன் காரணம் ஒரு மெல்லிய அளவுகோல். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை இறக்கி, பல்லுக்கு ஆறு இடங்களில் ஆழத்தை உரக்கச் சொல்வார்கள்: ‘மூன்று, இரண்டு, மூன்று, ஐந்து, நான்கு, ஆறு.’ மூன்று மில்லிமீட்டர்வரை நலம். நான்குக்கு மேல் போய், எக்ஸ்ரேயில் எலும்புக் குறைவும் தெரிந்தால் அது பில்லில் டி1110 என்ற குறியீட்டில் வரும் வழக்கமான சுத்தம் அல்ல. டி4341, ஈறுக்கடியில் வேர்வரை சுரண்டும் சிகிச்சை. வாயை நான்கு பகுதியாகப் பிரித்துப் பகுதிக்கு ஒரு கட்டணம். அந்த எண்களின் நகலைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. சந்தேகம் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே நிறுவனத்திடம் மதிப்பீடு அனுப்பச் சொல்லலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் பல் காப்பீடு தனித் தொழிலாக வளரவில்லை. பெரும்பாலான மருத்துவப் பாலிசிகள் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே பல்லுக்குப் பணம் தரும். புறநோயாளிச் செலவைச் சேர்க்கும் கூடுதல் பாலிசிகள் உண்டு; சந்தாவையும் உச்சவரம்பையும் ஒரே தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தபின் எடுப்பது நல்லது. கட்டணம் தாங்காதவர்களுக்குச் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்றவை திறந்தே இருக்கின்றன, நேரம்தான் செலவு.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் எடுக்கும் பயணக் காப்பீடு, பெரும்பாலும் திடீர் பல்வலிக்கு நிவாரணம் தருவதோடு நிற்கும். ரூட் கெனாலும் கேப்பும் அதில் வராது. அந்த வேலை முடிய இரண்டு மூன்று நடை ஆகும் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊரில் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.