எண்ணூர் ஆழியும் முட்டுக்காடு ஆழியும்

தேனாம்பேட்டையிலிருந்து கிழக்கே மயிலாப்பூர் பக்கம் போனால், பறக்கும் ரயிலின் தூண்கள் கால் ஊன்றி நிற்கும் கறுப்புத் தண்ணீரைப் பார்க்கலாம். பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டை 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் வெட்டினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு இதன் போக்கிலேயே வடக்கே நடந்தால் எண்ணூர் முகத்துவாரம், தெற்கே நடந்தால் முட்டுக்காடு. இரண்டுமே உப்பங்கழி, இரண்டிலும் சிப்பி உண்டு. ஒரே கால்வாயின் இரு பக்கத்திலும் கிடக்கும் அந்தச் சிப்பிகளின் வயிற்றில் ஒரே கிருமிகள்தானா?

எண்ணூர்க்காரர்கள் ஆழி என்று சொல்வது பாறையிலும் தூணிலும் நார் விட்டு ஒட்டிக்கொள்ளும் கறுப்பு, பச்சைச் சிப்பிகளை. நம் ஊர் உணவுச் சிப்பி வேறு. சுண்ணாம்பு பூசினாற்போல் பாறையோடு பாறையாகக் கிடக்கும். 1916-இல் பிரஸ்டன் என்ற ஆய்வாளர் அதற்கு மெட்ராசென்சிஸ் என்ற இனப்பெயரை வைத்தார். பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது, ஆனால் மெட்ராஸ்காரர்களின் தட்டில் அதைப் பார்ப்பது அபூர்வம். 1910 வாக்கில் ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டில் இதை வளர்த்துக் காட்ட முயன்றார். அப்போதும் ஊருக்கு நாக்கில் ஒட்டவில்லை.

ஆழியும் உணவுச் சிப்பியும் சாப்பிடும் விதம் ஒன்றுதான். செவுள் வழியாக மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை இழுத்து, அதிலுள்ள பாசியையும் துகளையும் சளியில் சுற்றி வாய்க்குத் தள்ளும். வயிற்றுக்குள் கண்ணாடிக் குச்சி போல ஒரு தண்டு ஓயாமல் சுழன்று அந்தச் சளிக்கயிற்றை உள்ளே இழுக்கும், கரைந்து கரைந்து செரிமான நொதியையும் விடும். திருகாணி வடிவப் பாக்டீரியா ஒன்று இந்தத் தண்டிலேயே குடியிருக்கும். சிப்பி பட்டினி கிடந்தால் தண்டு கரைந்துபோகும், குடியிருந்ததும் வீடிழக்கும். ஆக, சிப்பி வயிற்றில் இரண்டு வகையினர்: வீட்டுக்காரர், வழிப்போக்கர். கழி எப்படிப்பட்டது என்பது முதலில் தெரிவது வழிப்போக்கர் கூட்டத்தில்தான்.

முதலில் எண்ணூர். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். அனல் மின் நிலையங்களின் வெந்நீர் கழிக்குள் வருகிறது, குழாய் உடையும்போதெல்லாம் சாம்பல் சேறும் வருகிறது. 2017 ஜனவரி 28-இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. எண்ணெய் வந்த நீரில் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் திடீரென்று பெருகும். இது உலகின் பல கடற்கரைகளில் கண்டது. சாம்பலில் வரும் உலோகங்களைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பிழைக்கும், தாங்காதவை மடியும். உலோகத்தைத் தாங்க உதவும் மரபணுக்களும் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களும் பல சமயம் ஒரே மூட்டையில் கைமாறும். எண்ணூர்ச் சிப்பியைப் பற்றி எனக்கு முதல் கவலை இதுதான், எண்ணெய் நாற்றம் அப்புறம். போதாக்குறைக்கு அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடற்கரையிலிருந்து, அநேகமாகக் கப்பலில் தொற்றிக்கொண்டு, வந்து சேர்ந்த காக்கா ஆழி சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. இறால் மேய்ந்த சேறு மூடிப்போனதாக மீனவர்கள் கொதிக்கிறார்கள். கழியின் தரையே மாறினால் அங்கே புழங்கும் கிருமிகளும் மாறாமல் இருக்குமா?

முட்டுக்காடு வேறு மாதிரி. படகுக் குழாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கோடையில் மணல்மேடு கழியின் வாயை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய தண்ணீர் வெயிலில் வற்றி உப்பேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய் திறந்ததும் உப்பு சட்டென்று இறங்கும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பச்சை ஆழியையும் உணவுச் சிப்பியையும் வளர்த்துப் பார்த்திருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் தலைமையகம் கொண்ட உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்கும் இங்கே ஒரு சோதனை நிலையம் உண்டு. எண்ணூரை ஆட்டிவைப்பது ஆலை என்றால் முட்டுக்காட்டை ஆட்டிவைப்பது உப்பு. அதற்காக இதைத் தூய தெற்கு என்று யாரும் கொண்டாட வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்துக் கட்டடங்களின் கழிவும் அதே கால்வாயில்தான் வருகிறது.

விப்ரியோ என்ற கிருமிக் குடும்பத்துக்கு வெதுவெதுப்பும் நடுத்தர உப்பும் பிடிக்கும். காலராக் கிருமி அந்தக் குடும்பம்தான். 1992-இல் சென்னையில் தலைகாட்டி வங்கம் வரை பரவிய ஓ139 ரகமும் அதில் ஒன்று. குளிர் நாடுகளில் வெயில் மாதம் விப்ரியோ மாதம். அதற்குப் பொருத்தமாக, ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வரும் குளிர் மாதங்களில் மட்டும் சிப்பி தின் என்று அங்கே ஒரு பழைய வழக்கும் உண்டு. நம் கடலில் குளிர் ஏது? இங்கே வேளையைப் பிரிப்பது மழையும் அது இறக்கிவிடும் உப்பும். எனவே முட்டுக்காட்டுச் சிப்பியின் வழிப்போக்கர்கள் மாதத்துக்கு மாதம் மாறுவார்கள் என்றும், எண்ணூரில் வெந்நீரும் உலோகமும் வருஷம் முழுக்க ஒரே பக்கம் தள்ளுவதால் மாற்றம் குறைவாக இருக்கும் என்றும் நான் கணிக்கிறேன்.

கழிக்குக் கழி கிருமி மாறும் என்பதற்கு வெளியூர்ச் சான்று உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு கழிகளின் சிப்பிகளை எடுத்து மரபணு வரிசை பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. ஹேக்பெரி விரிகுடாச் சிப்பியின் இரைப்பையில் மைக்கோபிளாஸ்மா இனத்துக்கு நெருங்கியவை கிட்டத்தட்ட முழு இடத்தையும் பிடித்திருந்தன. கையூ ஏரிச் சிப்பியின் இரைப்பையிலோ பிளாங்க்டோமைசீட்ஸ் என்ற வேறு கூட்டத்தின் ஆதிக்கம், வகைகளும் அதிகம். இத்தனைக்கும் இரண்டும் ஒரே இனச் சிப்பி, ஒரே மாநிலம். ஆனாலும் எல்லா இரைப்பைகளிலும் பொதுவாக இருந்த ஐந்து வகைகளையும் அவர்கள் கண்டார்கள். குடலில் அப்படி 44. வீட்டுக்காரர் என்று நான் சொன்னது இவர்களைத்தான்.

வீட்டுக்காரர், வழிப்போக்கர் என்ற இந்தப் பிரிவினை சமையலறைக்கும் முக்கியம். ஐரோப்பிய விதிப்படி 100 கிராம் சதையில் ஈ. கோலை என்ற குடல் கிருமி 230-க்குள் அடங்கும் நீர்நிலையின் சிப்பியை நேரே விற்கலாம். அதைத் தாண்டி 4,600 வரை போகும் நீர்நிலை என்றால் சுத்தமான ஓடும் நீரில் வைத்துக் கழுவுவது போன்ற சுத்திகரிப்புக்குப் பிறகே. சாக்கடையில் வந்த ஈ. கோலை இரண்டு நாளில் வெளியேறிவிடும், அது வழிப்போக்கன். விப்ரியோ அத்தனை சுலபத்தில் கிளம்பாது, பாதி வீட்டுக்காரன். நன்றாக வேகவைத்தால் விப்ரியோவும் சாகும். ஆனால் எண்ணூர் ஆழியின் சதையில் சேர்ந்த உலோகத்தை எந்த அடுப்பும் எடுக்காது.

வருஷத்தில் சில வாரங்கள் இந்த ஒப்பீடே குலைந்துபோகும். கார்த்திகையில் விடாமல் பெய்யும்போது கொசஸ்தலையாறும் புரளும், முட்டுக்காட்டின் வாயும் பிளக்கும், நடுவில் கால்வாய் ஊர்ச் சாக்கடையை இரு பக்கமும் தள்ளும். உப்பு ஒரேயடியாக இறங்க, இரண்டு இடத்துச் சிப்பியும் ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். உள்ளே காற்று தீரத் தீர, பிராணவாயு வேண்டாத கிருமிகளின் கை ஓங்கும். மழை நீண்டால் உணவுச் சிப்பி தாக்குப் பிடிக்கும், பச்சை ஆழி முதலில் வாய் பிளக்கும்.