நீலகிரி மண்ணில் நிறம் மாறும் மலர்

கருங்கல் குன்றுகள் கோடை முழுதும் தகிக்கும் செஞ்சிச் சமவெளியில், ஈர மண்ணையும் குளிர்ந்த காற்றையும் நாடும் ஹைட்ரேஞ்சியா என்னும் அலங்காரப் புதர்ச்செடி செழிப்பதில்லை. நீலகிரி மலையே அதற்கு வாய்த்த நிலம். ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட இச்செடி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தை அடைந்தது. அத்தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர், 1848இல் உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்து சேர்ந்தார். ஆங்கிலேயரின் பங்களாத் தோட்டங்களில் வேரூன்றிய அயல்நாட்டுச் செடிகளுள், மலைவாழ் மக்களின் வீட்டு முற்றம்வரை இறங்கி வந்து நிலைத்தவை சிலவே. அவற்றுள் ஹைட்ரேஞ்சியாவுக்குத் தனியிடம் உண்டு.

அதன் கொத்தை அருகில் நோக்கினால், இதழ்களாகத் தோன்றுபவை புல்லிகள், அதாவது மொட்டைக் காக்கும் உறைகள், என்பதும் உண்மைப் பூ நடுவில் சிறு மணியாக ஒடுங்கியிருப்பதும் விளங்கும். அமிலத்தன்மை மிகுந்த மலைமண்ணில் கரையும் அலுமினியத்தை வேர்கள் உறிஞ்சுவதால் கொத்து நீலமாகிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. முந்தைய ஆண்டின் தண்டிலேயே மொட்டுகள் உருவாவதால், பூத்து முடிந்தவுடன் வாடிய கொத்துகளை மட்டும் கிள்ளுவதே முறை. பனிக்காலத்தில் அடியோடு வெட்டப்பட்ட செடி அடுத்த பருவத்தில் இலைகளை மட்டுமே தருகிறது.