வேங்கைவயல்: ஆவணம் யார் கையில்?

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அடுத்த மாதமே வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது. ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே ஊரின் பட்டியல் சாதியினர் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. ஊர்மக்கள் அதனை ஏற்க மறுத்து, சிபிஐ விசாரணை கோரினர்.

அம்மக்கள் மறுக்கும் ஆவணத்தைக் குடிமக்கள் இணையத்தில் படித்தறிய வழியுண்டா? இல்லை. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் ஏற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஆணையிட்டது. பாலியல் குற்றம் முதலியவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் 2023 ஜனவரி 20 அன்று, சௌரவ் தாஸ் வழக்கில், குற்றப்பத்திரிகை பொது ஆவணமன்று என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர், பாதிக்கப்பட்டோர் ஆகியோரின் உரிமைகள் கெடும் என்பது அதன் கவலை. அக்கவலையை நாம் புறந்தள்ளவில்லை. இவ்வழக்கில் இரு தரப்பும் ஒரே தெருவினர். எனினும் குற்றப்பத்திரிகை மூடியே கிடக்க, அலைபேசி உரையாடல்கள் எனச் சொல்லப்பட்டவை சமூக ஊடகங்களில் உலவின. காப்பாற்றப்பட்டது யாருடைய உரிமை?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஆவணங்களை வரவழைக்குமாறு சிறப்பு நீதிமன்றத்தில் மனுச்செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கிறது. 2025 பிப்ரவரியில் வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் மன்றத்துக்கு மாற்றப்பட்டது. இதனை வெறும் நிர்வாக மாற்றமாக நாம் கருதவில்லை. அந்த உரிமைக்கான வாசலும் அதனோடு குறுகியது.

நீதிமன்றத்துக்கு வெளியே இத்தகைய தடை ஏதுமில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஆட்சியர் தலைமையில் கூட வேண்டும். எத்தனை வழக்குகள் ஆய்வுக்கு வந்தன, நிவாரணத் தொகை எவ்வளவு வழங்கப்பட்டது என்பவற்றைக் கூறும் அதன் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், பெயர்களை நீக்கியபின், மாவட்ட இணையதளத்தில் இடம்பெற வேண்டும். குடிநீர்த் தொட்டிகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளும் அவ்வாறே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எவரும் மனுப்போடாமலே தகவலை வெளியிடுவதை அரசின் கடமையாக்குகிறது. உள்ளூர் மொழியையும் கருத்திற்கொள்ளச் சொல்கிறது. ஒளிவருடிய மங்கலான பக்கங்களை ஏற்றிவிடுவது இக்கடமையை நிறைவேற்றாது. அவற்றில் ஊர்ப்பெயரைக்கூடத் தேட முடியாது. தேடத்தக்க தமிழ் எழுத்துருவில், அலைபேசியில் திறக்கும் வடிவில் அவை வேண்டும். 4ஆம் பிரிவின் முதற்கட்ட வெளியீட்டுக்குச் சட்டம் தந்த கெடு 120 நாட்கள். அது 2005 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.