பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: 2008இன் லினக்ஸ் பிழை ஒன்று

கணினி இடையில் நின்றுவிட்டால் நாங்கள் செய்வது ஒன்றுதான்: நிப்பாட்டிப் போடுவோம், திரும்ப ஓடும். 2008 செப்டெம்பரில் லினக்ஸ் கேர்னல் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளைப் போட்டுப் பார்த்த சிலருக்கு அது சரிவரவில்லை. அவர்களுடைய கணினியில் இருந்த இன்டெல் நெட்வேர்க் கார்ட் ஒரேயடியாகச் செத்துப்போனது. பழைய கேர்னலுக்குத் திரும்பியும் உயிர் வரவில்லை. கார்ட் தன் முகவரியையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் நிரந்தர நினைவகமே குழம்பிப் போயிருந்தது.

சந்தேகம் முழுக்க அந்தக் கார்டை இயக்கும் ஈ1000ஈ ட்ரைவர் மேல் விழுந்தது. செத்தது அதன் கார்ட், வேறு ஆரைப் பிடிப்பது? சோதனை வெளியீடுகளில் அந்த ட்ரைவரையே நிறுத்தி வைத்தவர்களும் உண்டு. அதன் நிரலை வடிவாகத் துருவியபோது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் மோதாமல் தடுக்கும் பூட்டுகளில் ஓட்டைகள் அகப்பட்டன. அவையும் உண்மையான பிழைகள்தான், திருத்தப்பட்டன. ஆனால் கார்டைக் கொன்றது அவை இல்லை.

அடுத்து இன்டெல் பொறியியலாளர்கள் கார்டின் நினைவகத்தில் எவரும் எழுத முடியாதபடி தடை போட்டார்கள். அந்தக் காவலோடு 2.6.27 ஒக்டோபர் 9இல் வெளிவந்தது. கார்டுகள் தப்பின. இத்தோடு கோப்பை மூடியிருக்கலாம்தானே?

மூடவில்லை. தேடிப்போனவர்கள் கண்ட குற்றவாளி, நெட்வேர்க்கோடு சம்பந்தமே இல்லாத எஃப்ட்ரேஸ். கேர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது ஓடுகிறது என்று கண்காணிக்கும் கருவி அது. ஒவ்வொரு செயற்கூறின் முகவரியையும் குறித்து வைத்து, கொஞ்சம் பிந்தி அங்கே போய் நிரலை மாற்றி எழுதும். சில நிரல்கள் தொடக்கத்தில் மட்டும் ஓடும். பிறகு அந்த இடம் விடுவிக்கப்படும். எஃப்ட்ரேஸின் குறிப்பிலோ பழைய முகவரியே கிடந்தது. வீடு மாறிப் போனவரைத் தேடிப் பழைய வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தது கார்டின் நினைவகம்.

எஃப்ட்ரேஸும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. எதிர்பார்த்த நிரல் அங்கே இருந்தால் மட்டும் மாற்று என்ற கட்டளையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 செயலிகளில் அந்தக் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் பழைய மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் அதால் ஒன்றும் ஆகாது. கார்டின் நினைவகத்தில் எழுதினால் அது கார்டுக்குப் போகும் கட்டளை ஆகிவிடும்.

ஒக்டோபர் 15இல் வந்த 2.6.27.1, எஃப்ட்ரேஸின் அந்தப் பகுதியை முடக்கியது. 2.6.28இல் அது வேறு விதமாக எழுதப்பட்டது: முகவரிகளை ஓடும்போது சேர்க்காமல், கேர்னலைத் தொகுக்கும்போதே குறித்து வைக்கும் முறை.

இந்தப் பழங்கதையை நாங்கள் கிளறக் காரணம், நடுவில் வந்த அந்தக் காவல். அது தேவையானது, நல்லது. ஆனால் அதோடு நின்றிருந்தால், காவல் இல்லாத இன்னொரு இடத்தில் அதே கை எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒரு திருத்தத்தைப் பரிசீலிக்க உட்காரும்போது "இப்ப நிண்டுட்டுதா?" என்பதோடு எழும்பிவிடக் கூடாது. "ஏன் நிண்டது?" என்பதற்கும் பதில் வேண்டும். அந்தப் பதில் இல்லாதவரை, பிழை வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.